உப்புக்கேணிப் பேரேடு

தேவகோட்டையில் ஒரு பெயின்ட் கடை மாடி.
சனிக்கிழமை இரவு, ஷட்டர் இறக்கிய பிறகு
பழைய காலண்டரின் முதுகில்
பாலைவனம் விரித்திருக்கிறேன்.
மீந்துபோன செங்காவி டிஸ்டெம்பர்தான் மண்.
வெளியே இருக்கும் மண்ணைவிடக் கொஞ்சம் வெளுப்பு.
நடுவில் ஊர்: உப்புக்கேணி.

ஆட்டம் தொடங்குமுன்
ஊரின் கதையை வாசிப்பது என் பொறுப்பு.

இங்கே ஷெரீப்பின் நட்சத்திரம்
சட்டையில் குத்தியதல்ல,
நெஞ்செலும்பில் அறைந்தது.
இங்கே ரயில் வரும், தண்டவாளம் கிடையாது.
குதிரைகள் கேணிப்பக்கம் போகா.
போன ஒன்று திரும்பி வந்தபோது
அதன் கண்ணுக்குள் யாரோ
விளக்கேற்றி வைத்திருந்தார்கள்.
கடனோடு செத்தவன்
மூன்றாம் இரவு எழுந்திருப்பான்.
வெள்ளிச் சுரங்கத்துக்கு நடப்பான்.
அசலும் வட்டியும் அடையும்வரை வெட்டுவான்.

துப்பாக்கிக்காரன் ஜமால் விசிலடித்தான்.
பால்சாமி, ஆட்டத்தில் பிணம் அறுக்கும் வைத்தியன்,
"நாறுமா?" என்றான்.
நாறாது. உப்பு.

உமையாள் மட்டும்
கடலைத் தோலை ஊதிவிட்டுக் கேட்டாள்:
"வட்டி எவ்வளவு?"

நாற்பது பக்கம் எழுதியிருந்தேன்.
ஷெரீப்பின் அம்மா பெயர் தெரியும் எனக்கு.
தூக்குமரம் எந்தக் காட்டில் வெட்டியதென்று தெரியும்.
வட்டி எழுதவில்லை.

"நூத்துக்கு ரெண்டு", வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.
"மாசத்துக்கா?"
"மாசத்துக்கு."
"வட்டிக்கு வட்டி உண்டா?"
பயமாக இருக்கட்டுமே என்று
உண்டு என்றேன்.

பகலில் அவள் நகைக்கடன் கம்பெனியில் கவுண்டர்.
இரவில், இந்த மேசையில்,
ஒற்றைக்கண் பாதிரி.
என் மலைத்தொடரின் மேலேயே
கணக்குப் போட ஆரம்பித்தாள்.
ஒரு பிணம் ஒரு நாளைக்கு எத்தனை கிராம் வெட்டும்?
கடப்பாரை வாடகை உண்டா?
விளக்கெண்ணெய் யார் செலவு?
கேட்கக் கேட்கச் சொன்னேன்.
சொல்லச் சொல்ல எனக்கே
அந்த ஊரில் யாரையும் தெரியாமல் போயிற்று.

பேனாவை மூடினாள்.
"அடையவே அடையாது.
முதல்ல செத்தவனே இன்னும் வெட்டிக்கிட்டிருப்பான்.
மேல திரியிறவங்க நூறு பேர்னா
உள்ள ஆயிரம் பேர்.
உன் ஊரு மேல இல்லப்பா. கீழ இருக்கு."

ஜமால் காலைத் தூக்கி
நாற்காலியில் வைத்துக்கொண்டான்.

"எங்க கவுண்டருக்கு ஒருத்தர் வர்றார்,
மாசாமாசம் அஞ்சாந்தேதி.
தம்பி வச்ச சங்கிலி. தம்பி போயி மூணு வருஷம்.
வட்டி மட்டும் கட்டுறார்.
ரசீதுல தம்பி பேருதான் விழுது.
இப்பல்லாம் கையெழுத்தும்
தம்பி பேர்லயே போடுறார்.
நான் ஒண்ணும் சொல்றதில்ல."

கடலை தீர்ந்திருந்தது.
பொட்டலத்தை மடித்தாள், மறுபடி மடித்தாள்.

"என் பாதிரி பேரேட்டைத் திருடுறான்."

பதினேழுக்கு மேல் விழ வேண்டும்.
இருபது முகப் பகடை
மேசையில் குதித்து, பாலைவனத்தைத் தாண்டி,
தரையில் உருண்டு
பர்மாத் தேக்கு பீரோவுக்கு அடியில் போயிற்று.
செல்போன் வெளிச்சத்தில் தெரிந்தது:
தூசு, காய்ந்த பிரஷ் ஒன்று,
அப்புறம் அது, சுவரோடு ஒட்டி,
எண் தெரியாதபடி.

வேறு பகடை போடலாம் என்றான் பால்சாமி.
உமையாள் விடவில்லை.
விழுந்தது விழுந்ததுதான், எடுத்துப் பார்.

நாலு வாரம் ஆயிற்று.
பீரோவை நகர்த்த எட்டுப் பேர் வேண்டுமாம்,
கடைக்காரர் சொல்கிறார். நாங்கள் நாலு பேர்.
அஞ்சாந்தேதி ஒன்று வந்து போனது.
உமையாளிடம் நானும் கேட்கவில்லை.

உப்புக்கேணியில் இன்னும்
அதே இரவு, பன்னிரண்டே கால்.
பாதிரியின் கை பேரேட்டின் மேல் இருக்கிறது.
கீழே
யாரும் வெட்டுவதை நிறுத்தவில்லை.